அன்னபூர்ணா சுற்று: தோரோங் லா கணவாயை முதன்முறை கடக்கப் போகிறவர்களுக்கு

நேபாளத்தின் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிப் போகும் நடைபாதை, மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டி ஏறி, 5,416 மீட்டர் உயரத்தில் தோரோங் லா கணவாயைத் தாண்டி, காளி கண்டகி பள்ளத்தாக்கில் இறங்குகிறது. வழக்கமான பருவத்தில் கயிறோ பனிக்கோடரியோ தேவைப்படாது. கூடாரமும் வேண்டாம். ஊருக்கு ஊர் 'டீ ஹவுஸ்' என்று அழைக்கப்படும் விடுதிகளில் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும். கணவாயின் மறுபக்கம் இறங்கினால் முக்திநாத். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் திவ்யதேசம் அது. அதனால் தமிழ் யாத்ரீகர்களுக்கு அந்த ஊர் புதிதில்லை. அங்கே நடந்தே போய்ச் சேரும் வழியைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் பாதியில் திரும்புகிறவர்களில் பலருக்கும் கால் வலு குறைவாக இருந்ததில்லை, கையில் நாள்தான் குறைவாக இருந்தது. விடுப்பு பத்து நாள்தான் என்று உயரத்தை அவசரமாக ஏறிவிட்டு, கணவாய்க்கு முன் வரும் மனாங் ஊரில் தலைவலியோடு படுத்துவிடுகிறார்கள். காத்மாண்டுவில் இறங்குவது முதல் அங்கிருந்து கிளம்புவது வரை குறைந்தது 18 நாள் வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் லாங்டாங் போன்ற, குறைந்த நாளில் முடியும் பாதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்த மாதம்

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து நவம்பர் கடைசி வரை வானம் தெளிவாக இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். இரண்டாவது பருவம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. மார்ச்சில் கணவாய்ப் பக்கம் பனி மிச்சமிருக்கும், ஏப்ரலில் கீழே காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) பூத்துக் கிடக்கும், மே மாதத்தில் தூசிமூட்டம் மலைகளை மறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை மழை. மனாங் மழைமறைவுப் பகுதி என்பதால் அங்கே அதிகம் பெய்யாது. ஆனால் அங்கே போய்ச்சேரும் சாலை மண்சரிவில் அடிக்கடி மூடிப்போகும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மேல் விடுதிகள் பல பூட்டிக் கிடக்கும். முதன்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

அக்டோபரில் போகிறவர்கள் வங்காள விரிகுடாவைக் கவனிக்க வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து தோரோங் லாவிலும் சுற்றுப்புற மலைகளிலும் பனிப்புயலாகக் கொட்டியது. குறைந்தது 43 பேர் இறந்தார்கள். கணவாயைக் கடக்கக் கிளம்பியிருந்த பலர் இடுப்பளவு பனியிலும் கண் தெரியாத வெண்மையிலும் வழிதவறினார்கள். ஆந்திர, ஒடிசாக் கரையை நோக்கிப் புயல் வருகிறது என்று செய்தி வந்தால், நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே இரண்டு மூன்று நாள் நின்றுவிடுங்கள். மலையில் வானம் நீலமாகத் தெரிந்தாலும் கிளம்பாதீர்கள்.

அடையாளமும் அனுமதியும்

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு ஆதார் செல்லாது. விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. இலங்கைக் குடிமக்களுக்கு விசா தேவை. சார்க் நாட்டவர் என்ற முறையில் ஒரு காலண்டர் ஆண்டின் முதல் 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும்.

இந்தப் பகுதி முழுவதும் 1986இல் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. நுழைவு அனுமதிச் சீட்டைக் காத்மாண்டுவிலோ போக்ராவிலோ வாங்கலாம். சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. கட்டணம் மாறக்கூடியது, வாங்கும் முன் விசாரியுங்கள். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு கையில் இருக்கட்டும். வழியில் சோதனைச் சாவடிகளில் சீட்டைப் பதிவு செய்வார்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பனியில் யாராவது காணாமல் போனால், கடைசியாக எந்தச் சாவடியைத் தாண்டினார் என்ற பதிவிலிருந்துதான் தேடத் தொடங்குவார்கள்.

2023 ஏப்ரல் முதல், வெளிநாட்டு மலைநடையர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் விதி வகுத்திருக்கிறது. நடைமுறையில் கெடுபிடி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், முதல்முறை போகிறவர் வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லது என்பதே எங்கள் கருத்து. பருவத்தில் நிரம்பி வழியும் மேல் விடுதிகளில் படுக்கை பிடித்துத் தருவதற்கும், மண்சரிவுக்குப் பின் மாறிய பாதையைச் சொல்வதற்கும் அவர் வேண்டும்.

சுமைக்கு போர்ட்டர் வைத்தால் இருவருக்கு ஒருவர் போதும். மொத்தச் சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. கிளம்பும் முன்பே அவருடைய காலணி, கையுறை, குளிர்ச்சட்டை, காப்பீடு ஆகியவற்றைப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். போர்ட்டர்களில் பலர் தாழ்வான ஊர்க்காரர்கள். உயரம் அவர்களையும் நம்மைப் போலவே தாக்கும், ஆனால் கூலி போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். தினமும் இரவு அவர் சாப்பிட்டாரா, தலை வலிக்கிறதா என்று கேட்பது உங்கள் கடமை.

காப்பீட்டுப் பத்திரத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா. வழக்கமான பயணக் காப்பீடுகள் பல குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கைவிரித்துவிடும். உங்களுக்கு 5,500 மீட்டர் வரையாவது வேண்டும். ஹெலிகாப்டருக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும்.

உடம்பைத் தயார் செய்வது

பத்து வாரம் முன்பே தொடங்குங்கள். ஓட்டத்தைவிடப் படிக்கட்டுதான் பலன் தரும். வாரத்தில் மூன்று நாள், முதுகில் ஆறு கிலோ சுமையோடு 45 நிமிடம் ஏறி இறங்குங்கள். கடைசி மூன்று வாரம் சுமை ஒன்பது கிலோ ஆகட்டும். வார இறுதியில் ஒருமுறை ஐந்து மணி நேரம் நிற்காமல் நடங்கள். இறங்குவதைப் பழகாமல் ஏறுவதை மட்டும் பழகுகிறவர்கள் கணவாய் நாளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அன்று ஒரே நாளில் சுமார் 1,650 மீட்டர் இறங்க வேண்டும்.

உயரத்துக்கு ஊரிலிருந்தபடி பழகிக்கொள்ள வழி இல்லை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இந்தப் பாதையில் இரண்டாம் நாள் படுத்துத் தூங்கும் சாமே ஊர் அதைவிட உயரம். மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும், காற்று மெலிந்த உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் உயர நோய் வரும். உண்மையில் வலுவானவர்களுக்கு ஆபத்து கூடுதல், ஏனென்றால் அவர்கள் வேகமாக ஏறிவிடுவார்கள்.

பை

போர்ட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தம் 10 கிலோவுக்குள் அடக்குங்கள். துணியில் விதி ஒன்றே: பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்திப் பனியன் மலையில் உலராது, நின்ற மறுநிமிடம் உடம்பைக் குளிர வைக்கும். உடம்பை ஒட்டி செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி இரண்டு செட், மேலே ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, அதற்கு மேல் பறவை மென்சிறகு அடைத்த தூவிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலுறை. கையுறை இரண்டு அடுக்கு. காது மூடும் கம்பளித் தொப்பி. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் எதிரொளிக்கும் வெயில் சில மணி நேரத்தில் கண்ணைப் புண்ணாக்கிவிடும், அறிகுறி இரவில்தான் தெரியும்.

காலணியைக் கணுக்காலுக்கு மேல் வரும்படி, அரை அளவு பெரியதாக வாங்குங்கள். தடித்த காலுறை போட்டாலும் இறக்கத்தில் விரல் முன்பக்கம் இடிக்கக் கூடாது. ஊரிலேயே 100 கிலோமீட்டராவது அதைப் போட்டு நடந்திருக்க வேண்டும். எங்கே உரசுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். நடையின்போது அந்த இடத்தில் காலையிலேயே மருத்துவ டேப் ஒட்டிவிடலாம். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயன் குறைவு.

மைனஸ் 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், தூவிச் சட்டை, நடைக்கோல் ஆகியவற்றை வாங்கத் தேவையில்லை. காத்மாண்டுவின் தமேலிலும் போக்ராவிலும் வாடகைக்குக் கிடைக்கும். காலணியில் மாட்டும் சிறிய பனிப்பற்களை, வானிலை எப்படி இருந்தாலும், பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்கு அப்பால் நிழலான இறக்கத்தில் கண்ணாடிப் பனி உறைந்திருக்கும். தலை விளக்கு ஒன்று, அதற்கு மாற்று பேட்டரி. குளிரில் பேட்டரிகள் சட்டென வற்றும் என்பதால் கைபேசி, பவர் பேங்க் எல்லாவற்றையும் இரவில் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் ரொக்கமாக வேண்டும். நடை முடியும் ஊரான ஜோம்சோம் போய்ச் சேரும்வரை ஏடிஎம்மை நம்ப முடியாது. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான விகிதம். ஆனால் மலைக்கு நேபாள ரூபாயாகவே, சில்லறை நோட்டுகளாக மாற்றிக்கொண்டு ஏறுங்கள். சிம் அட்டையில் நேபாள் டெலிகாம்தான் மேல் ஊர்களில் ஓரளவு எடுக்கும்.

நாள்வாரியாக

காத்மாண்டுவிலிருந்து பெசிசஹார் (760 மீட்டர்) பேருந்தில் ஒரு முழுப் பகல். அங்கிருந்து மேலே மனாங் வரை இப்போது ஜீப் பாதை இருக்கிறது. இதுதான் இன்றைய பெரிய பொறி. பெசிசஹாரில் காலை ஏறி அன்று இரவே 3,540 மீட்டரில் படுத்தால் உடம்பு என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜீப்பில் தாராபாணி (1,860) வரை போங்கள். தூசி நிறைந்த கீழ்ப்பகுதி அதோடு முடிகிறது.

நடை நாள் 1: தாராபாணியில் அதிகாலை கிளம்பி திமாங் வழியாக ஏறுங்கள். சாமே வரையிலான எட்டு மணி நேர நடையை இரண்டாகப் பிரித்து, இன்றிரவு வழியில் தங்கலாம். எதிரே மனாஸ்லு சிகரம் தெரியும்.

நாள் 2: சாமே, 2,670 மீட்டர். மனாங் மாவட்டத் தலைமையிடம். மறந்த பொருள் எதுவானாலும் இங்கே வாங்கிவிடுங்கள்.

நாள் 3: மேல் பிசாங், 3,300. வழியில் பிராதாங்கின் ஆப்பிள் தோட்டம், பிறகு ஒரே பாறையாக ஆற்றிலிருந்து எழுந்து நிற்கும் ஸ்வர்கத்வாரி. கீழ் பிசாங்கில் விடுதிகள் வசதியாக இருக்கும், ஆனாலும் அரை மணி கூடுதலாக ஏறி மேல் பிசாங்கில் தங்குங்கள்.

நாள் 4: கியாரு வழியாக ஙவால், 3,650. சாலையை விட்டு இடதுகரையின் மேல்பாதையில் போகிறோம். கியாருவுக்கு ஏறும் வளைவுகள் மூச்சு முட்ட வைக்கும், சுமார் 350 மீட்டர் நேர் ஏற்றம். மேலே போனதும் இரண்டாம் அன்னபூர்ணா சிகரமும் கங்காபூர்ணா சிகரமும் எதிரே முழுதாக நிற்கும். கீழே சாலை வழியாகப் போகிறவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள். ஆனால் இந்த மேல்பாதை தரும் உயரப் பழக்கம்தான் ஐந்து நாள் கழித்துக் கணவாயில் கைகொடுக்கும்.

நாள் 5: பிராகா வழியாக மனாங், 3,540. மூன்று நான்கு மணி நேரம்தான். பிராகாவில் மலைச்சரிவோடு அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் வீடுகளையும் பழைய பௌத்த மடத்தையும் நின்று பாருங்கள்.

நாள் 6: மனாங்கிலேயே. படுத்துக் கிடக்க வேண்டாம். காலையில் 300, 400 மீட்டர் ஏறிவிட்டுத் திரும்பி வந்து அதே உயரத்தில் தூங்குவதுதான் இந்த நாளின் வேலை. பிராக்கென் குகை மடம் பொருத்தமான ஏற்றம். ஐஸ் லேக் 4,600 மீட்டரில் இருக்கிறது. தலைவலி அறவே இல்லாதவர்கள் மட்டும் போகலாம். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ நிலையத்தில் பருவகாலத்தில் பிற்பகலில் உயர நோய் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். கட்டாயம் கேளுங்கள்.

நாள் 7: யாக் கர்க்கா, 4,050. நண்பகலுக்குள் சேர்ந்துவிடலாம். இன்னும் தெம்பு இருக்கிறதே என்று அன்றே தோரோங் பேடி போவதுதான் இந்தப் பாதையில் நடக்கும் மிகப் பொதுவான தவறு. உறங்கும் உயரம் ஒரே இரவில் 900 மீட்டருக்கு மேல் தாவிவிடும்.

நாள் 8: தோரோங் பேடி, சுமார் 4,500. வழியில் கல் உருளும் சரிவு ஒன்று உண்டு. வெயில் ஏறிப் பனி இளகும் முன் தாண்டுங்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள், இடைவெளி விட்டு நடங்கள்.

நாள் 9: கணவாய் கடந்து முக்திநாத். நாள் 10: காக்பேனி. நாள் 11: ஜோம்சோம். நடுவே இரண்டு நாளாவது செலவழிக்காத கையிருப்பாக இருக்க வேண்டும். பனி, வயிற்றுப்போக்கு, தலைவலி, ஏதோ ஒன்று அதைக் கேட்கும்.

உயர நோய்: இதை இரண்டு முறை படியுங்கள்

கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதற்குரிய நேரத்தில்தான். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓரிரவுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் கணக்கில் வருவது இரவு எங்கே படுத்தீர்கள் என்பதுதான்.

தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கமின்மை, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டது, தண்ணீர் குடிக்கவில்லை என்று காரணம் தேடாதீர்கள். லேசாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். பாரசிட்டமால் போடலாம், ஆனால் மாத்திரையால் வலி அடங்கியதை நோய் போனதாக எண்ணி ஏறக் கூடாது. மாத்திரை இல்லாமல் தலை தெளிவாக இருந்தால் மட்டும் அடுத்த ஊர். நின்றும் கூடினால், உறங்கிய கடைசி நல்ல இரவின் உயரத்துக்கு இறங்கிவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்தான வகைகள் இரண்டு. மூளையில் நீர் கோத்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், பதில் பொருந்தாது. தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலை மறுகால் நுனியோடு ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியலுக்குக் காத்திருக்காதீர்கள், அந்த இரவே துணையோடு இறக்குங்கள். நுரையீரலில் நீர் கோத்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும், இருமல் விடாது, பிறகு நுரையோடு இளஞ்சிவப்புச் சளி வரும். இதற்கும் மருந்து இறக்கம்தான். ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் எல்லாம் இறங்குவதற்கு அவகாசம் தரும் உதவிகள். தனியாக யாரையும் இறக்கி அனுப்பாதீர்கள்.

அசெட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ், உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏற்றத்துக்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். விரல் நுனி சுறுசுறுக்கும், இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் இறங்கி முடிக்கும்வரை தொடாதீர்கள், இரண்டும் தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எண்ணுக்காகப் பார்க்காதீர்கள். குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும், உடம்பு சொல்வதுதான் கணக்கு.

குழுவாகப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: யாருக்காவது முடியவில்லையென்றால் ஒருவர் அவரோடு இறங்குவார், அது யார் என்பது இப்போதே முடிவு. மேலே போய்ப் பேசினால், தன்னால் எல்லோருடைய பயணமும் கெடுகிறதே என்று நோயாளி வாய்மூடி நடப்பார்.

சாப்பாடும் தண்ணீரும் ஊர் வழக்கமும்

விடுதியில் அறை வாடகை குறைவு. காரணம், இரவு உணவும் காலை உணவும் அங்கேயே சாப்பிடுவீர்கள் என்ற புரிதல். பக்கத்து விடுதியில் போய்ச் சாப்பிட்டால் வருத்தப்படுவார்கள், வாடகையும் ஏறும். தால் பாத் சொல்லுங்கள்: சோறு, பருப்பு, காய், கீரை, ஊறுகாய், கேட்டால் மறுபடியும் போடுவார்கள். நமக்குச் சிரமமில்லாத சாப்பாடு. விறகும் எரிவாயுவும் மேலே வரும் செலவு பெரிது, எனவே குழுவில் எல்லோரும் ஒரே உணவைச் சொன்னால் சமையலறைக்கு உதவி, உங்களுக்கும் சீக்கிரம் வரும். மாலை ஐந்து மணிக்கே சொல்லி வையுங்கள். மனாங்குக்கு மேல் இறைச்சி வேண்டாம், அது கீழிருந்து எத்தனை நாளாக வருகிறது என்று தெரியாது.

தண்ணீர் நாளுக்கு மூன்று லிட்டர். ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே மாடும் யாக்கும் மேய்கின்றன. அப்படியே குடித்தால் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி வயிற்றைப் பல நாள் வதைக்கும். பாதுகாப்புப் பகுதியினர் அமைத்த குடிநீர் நிலையங்களில் குறைந்த விலைக்கு நிரப்பலாம். மற்ற இடங்களில் குளோரின் மாத்திரை. தண்ணீர் சில்லென்று இருந்தால் அட்டையில் போட்ட நேரத்தைப் போல இரு மடங்கு காத்திருங்கள். வடிகட்டி வைத்திருப்பவர்கள் இரவில் அதைப் படுக்கைக்குள் வைக்க வேண்டும். உள்ளே ஈரம் உறைந்தால் நுண்குழாய்கள் வெடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, மறுநாள் வடிகட்டாத தண்ணீரைக் குடிப்பீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் வாங்காதீர்கள். அங்கிருந்து அது கீழே போக வழியில்லை.

மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவர்களும், சோர்தென் என்னும் பௌத்த ஸ்தூபிகளும் வந்தால் அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து செல்லுங்கள். எச்சில் பார்ப்பதும் அடுப்பைப் புனிதமாக நினைப்பதும் அங்கேயும் உண்டு: பிறர் தட்டில் கை வைக்காதீர்கள், அடுப்புத் தீயில் குப்பை போடாதீர்கள், அதை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாயும் பேனாவும் கொடுத்துப் பழக்காதீர்கள். கோவேறு கழுதை வரிசை எதிரே வந்தால் எப்போதும் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றவர்களைச் சுமை இடித்துத் தள்ளியிருக்கிறது. தொங்குபாலத்திலும் அப்படியே, அவை முழுதும் கடக்கும்வரை காத்திருங்கள்.

கணவாய் நாள்

முந்தின மாலையே முடிவெடுங்கள். தலைவலி உள்ளவர் யாராவது இருந்தால், பனி கொட்டினால், மேகம் கணவாயை மூடியிருந்தால், ஒரு நாள் நில்லுங்கள். பேடிக்கு மேல் ஹை கேம்ப் சுமார் 4,900 மீட்டரில் இருக்கிறது. அங்கே தங்கினால் மறுநாள் ஏற்றம் குறையும், ஆனால் தூக்கம் கெடும், உயர நோய் வரும் வாய்ப்பு கூடும். முதன்முறை போகிறவர்களுக்கு நாங்கள் பேடியையே சொல்வோம்.

நாலரை, ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும். மூன்று மணிக்கே ஓடுகிறவர்கள் இருட்டிலும் மிகக் கடுங்குளிரிலும் விரல்களை மரத்துப்போக விடுகிறார்கள். ஆனால் பத்து மணிக்குள் கணவாயைத் தாண்டியாக வேண்டும், அதற்குப் பிறகு காற்று வலுக்கும். தண்ணீர்க் குழாய் வைத்த பை இங்கே உறைந்துவிடும். வாய் அகன்ற பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தலைகீழாகச் சட்டைக்குள் அல்லது காலுறைக்குள் வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும் என்பதால் மூடி திறக்கும். சாக்லேட், வறுத்த கடலை, பேரீச்சை ஆகியவற்றை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதுகுப்பையைத் திறக்கக் கைவராது.

பேடியிலிருந்து ஹை கேம்ப் வரை செங்குத்து. அதற்குப் பின் சரிவு மெல்லச் சாய்ந்து, இதோ உச்சி இதோ உச்சி என்று பலமுறை ஏமாற்றும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். நான்கு முதல் ஐந்து மணி நேரத்தில் கொடிகள் கட்டிய கணவாய் வரும். அங்கே கால் மணி போதும்.

இறக்கத்தில் நடைக்கோலைப் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள், காலணிக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்குங்கள். பனிப்பற்களை வழுக்கத் தொடங்கும் முன்பே மாட்டுங்கள். சார்பூவில் தேநீர்க் கடைகள் வரும்வரை மூன்று மணி நேரம் எதுவும் இல்லை. விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன, ஏனென்றால் கணவாய் முடிந்ததும் மனம் தளர்ந்துவிடுகிறது.

முக்திநாத்திலிருந்து வெளியே

கோவிலுக்குக் கீழே ராணிபௌவா ஊரில் தங்குங்கள். கோவிலின் பின்சுவரில் 108 தாரைகளிலும் உறைபனித் தண்ணீர் விழும். முன்னால் இரண்டு குளம். கணவாய் இறங்கிய அன்றே நீராடாதீர்கள். உடம்பில் சூடு காக்கும் சக்தி அன்று மிச்சமிருக்காது. மறுநாள் வெயில் வந்த பிறகு, மாற்றுத்துணியும் சூடான தேநீரும் கையில் வைத்துக்கொண்டு நீராடுங்கள். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம், பக்கத்து மடத்தில் இயற்கை எரிவாயுவில் எரியும் சிறு சுடரை இரு சமயத்தாரும் வணங்குகிறார்கள்.

பெற்றோரை விமானத்தில் ஜோம்சோம் (2,740 மீட்டர்) வரவழைத்து, இங்கே சந்திக்கத் திட்டமிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் பத்து நாளில் பழகிய உயரத்துக்கு அவர்கள் போக்ராவிலிருந்து ஒரே காலையில் வருகிறார்கள் என்பதை மறக்காதீர்கள். கோவில் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். அவர்கள் ஜோம்சோமிலோ காக்பேனியிலோ ஓரிரவு தங்கி, ஜீப்பில் ஏறித் தரிசித்துவிட்டு அன்றே இறங்கிவிடுவது பாதுகாப்பு.

காக்பேனிக்கு இறங்கும்போது காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் காற்றைக் கணக்கில் எடுங்கள். முற்பகல் கழிந்ததும் தெற்கிலிருந்து மணலை வாரி அடிக்கும்; ஜோம்சோம் நோக்கி நடப்பவருக்கு நேரே முகத்தில். காலை ஆறரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் சேருங்கள், மூக்கை மூட ஒரு துணி வையுங்கள். இதே காற்றால்தான் ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும் பறக்கின்றன. அதுவும் மேகம் இருந்தால் ரத்து. போக்ராவுக்கு இருபது நிமிடப் பறப்பு, சாலையில் ஒரு முழுப் பகல். விமானம் ரத்தானால் அடுத்த நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே பேருந்தோ ஜீப்போ பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் இரண்டு நாள் கூட்டம் சேர்ந்துவிடும். சர்வதேச விமானத்துக்கும் ஜோம்சோமுக்கும் நடுவே இரண்டு இரவு இடைவெளி விட்டே பயணச்சீட்டு எடுங்கள்.